ஒரு சொட்டு நீலம் கூடிவிட்டது

மன்னிக்க வேண்டும் அம்மா. நீங்கள் போனில் தமிழில் பேசியது காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. பின் இருக்கையில் இருந்தேன், விழுந்துவிட்டது. தலைவலி விடவே மாட்டேன் என்கிறது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள், அதுவும் விழுந்துவிட்டது. இந்த அயர்லாந்துக்கு வந்து இத்தனை நாளில் இந்த பஸ்ஸில் ஒரு தமிழ்க் குரலை நான் கேட்டதில்லை. அதனால்தான் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் இப்படி யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை.

ஓர் உதவி வேண்டும். பெரிய உதவி இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லித் தர வேண்டும். ‘அந்தத் துணியைப் பிரிஜித்தம்மாள் தொடவில்லை, நான்தான் துவைத்தேன், அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ அவ்வளவுதான். ஒன்று என்று சொல்லிவிட்டு மூன்று சொல்கிறேனா? சரிதான், மூன்றுதான். ஆஸ்பத்திரி நிறுத்தம் வருவதற்குள் மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுவேன்.

இல்லை, புத்தி பேதலித்த ஆள் இல்லை நான். இருங்கள், முறையாகச் சொல்கிறேன்.

என் பெயர் வியாகுலம். பாளையங்கோட்டைப் பக்கம். ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைக்கூடத்தில் வேலை. சேர்ந்ததும் அந்தக் கூடம், ஓய்வு பெற்றதும் அந்தக் கூடம். எட்டாவதோடு படிப்பு நின்றது. என் மகள் மெற்றில்டா இங்கே நர்ஸ். என் மனைவி ஞானப்பூ போனபிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு டீலியா அம்மாவுடையது. நடுவில் ஒரு முள்வேலி, இடுப்பு உயரம். டீலியா அம்மாவுக்கு என்னைவிட நாலு வயது மூப்பு. கணவர் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில். நான் வந்த புதிதில் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையால் டம்ளர் பிடிப்பதுபோலக் காட்டினார்கள். தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்தது. அன்று போனவன்தான். தினமும் பதினொரு மணிக்குப் போய்விடுவேன். அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். பாதி புரியாது. புரியாத பாதிக்கும் தலையாட்டுவேன். சில நாள் நானும் தமிழில் ஏதாவது சொல்வேன். அவர்களும் தலையாட்டுவார்கள். பழக்கம் என்றெல்லாம் சொல்ல முடியாது. பாஷையே இல்லாமல் என்ன பழக்கம்?

ஜனவரி கடைசி நாள். அன்று போனபோது மேசை நிறையக் கோரைப்புல் பரப்பி வைத்திருந்தார்கள். நம் ஊரில் பாய் முடைகிற கோரை மாதிரிதான், கொஞ்சம் பச்சை. அதை மடக்கி மடக்கிச் சிலுவை கட்டினார்கள். எனக்கும் காட்டித் தந்தார்கள். அவர்கள் கட்டியது கோணலாக இருந்தது, கை நடுங்குமல்லவா. நான் ஓரத்தையெல்லாம் நேராக வெட்டிக் கொடுத்தேன். சந்தோஷப்பட்டார்கள். ‘பிரிஜிட், பிரிஜிட்’ என்றார்கள். எங்கள் ஊர்க் கோயில் பங்கிலும் பிரிஜித் என்று பேர் வைப்போம், என் அத்தை ஒருத்திக்கு அந்தப் பேர்தான். ஆகவே ஏதோ புனிதையின் திருநாள் என்று விளங்கியது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் மழை. மெற்றில்டா ராத்திரி வேலைக்குப் போய்விட்டாள். திரையை இழுத்துவிடலாம் என்று ஜன்னலுக்குப் போனேன். வேலிமேல் ஒரு துணி கிடந்து நனைகிறது.

அம்மா, மழையில் ஒரு துணி நனைவதைப் பார்த்துவிட்டு என்னால் படுக்க முடியாது. அது என் உடம்பில் ஊறிப்போன விஷயம். பாவம், கை நடுங்குகிறவர்கள், காயப்போட்டதை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வந்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், நல்ல நூல் துணி. தலையணை உறை அகலம் இருக்கும். ஆனால் அதன் கோலத்தைப் பார்க்க வேண்டுமே. கம்பியில் பட்ட துருக்கறை, இலைக்கறை, பூஞ்சை, தண்ணீர் நின்று காய்ந்த பழுப்பு. ஒரு வருஷத்துக் கறை இல்லை. ஒன்றின்மேல் ஒன்று, அடுக்கடுக்காக. கறையைப் பார்த்தால் எனக்கு வயது தெரியும். இது ஐந்தாறு வருஷக் கறை என்று அப்போதே தெரிந்தது. ஒரு துணியை இத்தனை வருஷம் ஒருவர் துவைக்காமல் வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

தினமும் அவர்கள் வீட்டில் தேநீர் குடிக்கிறோம், ரொட்டி சாப்பிடுகிறோம், திருப்பி ஒன்றும் செய்ததில்லை. இதையாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பூஞ்சைக்குக் கொதிநீரும் சோப்பும். விட்டுவிட்டு அலசினேன். பழுப்பு லேசில் போகவில்லை, ஆனால் போயிற்று. கடைசியில் சொட்டு நீலம். ஊரிலிருந்து வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தேன். இதோ பாருங்கள், இதுதான். நீலம் போடுவதைப் பகல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். மகள் வீட்டு விளக்கு மஞ்சள். எனக்குத் தெரியும், தெரிந்தும் போட்டேன். ஒரு சொட்டு கூடிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஆனதே இல்லை.

இரவுச் சோறு வடித்த கஞ்சி இருந்தது. அதில் முக்கி, ஈரம் இருக்கும்போதே இழுத்துப் பிடித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். இழுத்துத் தேய்த்தால் துணி ஒரு விரற்கடை நீளும். அது ஒன்றும் மாயம் இல்லை. எந்தச் சலவைக்காரனைக் கேட்டாலும் சொல்வான்.

கதவைத் தட்டிக் கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். கொடுத்தால் நன்றி சொல்வார்கள். யாராவது நன்றி சொன்னால் எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது. மழை விட்டதும், விடிவதற்குமுன், நாலாக மடித்து வேலிமேலேயே வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

காலையில் கதவை இடிக்கிற சத்தம். மெற்றில்டா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருக்கிறாள், மேல்கோட்டுகூடக் கழற்றவில்லை. வாசலில் டீலியா அம்மா. இரவு உடை, காலில் ரப்பர் பூட்ஸ். இரண்டு கையிலும் துணியை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள், பூசையில் சாமியார் நற்கருணைத் தட்டை ஏந்துவதுபோல. கண்ணெல்லாம் தண்ணீர். கை நடுங்கவே இல்லை.

“அப்பா, இங்க வாங்க,” என்றாள் மெற்றில்டா. “ஆன்ட்டி என்ன சொல்லுதாங்கன்னு கேளுங்க. நேத்து ராத்திரி பிரிஜித்தம்மாள் ஊரு ஊரா நடந்து போவாங்களாம், ஒரு வெள்ளைப் பசுவோட. வெளிய துணி போட்டு வச்சா தொட்டுட்டுப் போவாங்களாம். அந்தத் துணியத் தலைவலிக்குக் கட்டிக்கிடலாமாம், பிள்ளப்பேறு வலிக்கு ஆகுமாம், மாட்டுக்குக்கூடப் போர்த்துவாங்களாம். வருஷா வருஷம் அதே துணியப் போடணுமாம். ஏழாவது வருஷம் முழுச் சக்தியும் வந்துருமாம். இது ஏழாவது வருஷம்ப்பா.”

“துவைக்கலாமா?” என்று கேட்டேன்.

“தண்ணியிலயே முக்கக் கூடாதாம். ஏழு வருஷமா முக்கலையாம். நேத்து அழுக்காப் போட்ட துணி இன்னைக்கு எப்படி இருக்கு பாருங்க. மழையில நனையக்கூட இல்ல.”

டீலியா அம்மா துணியைப் பிரித்துத் தன் கையோடு வைத்து அளந்து காட்டினார்கள். நேற்று வெளியே போடும்போது அளந்ததில் விரல் நுனிவரை இருந்ததாம், இன்று அதைத் தாண்டிவிட்டதாம். நல்ல வருஷமாக இருந்தால் துணி நீளுமாம், அவர்கள் தாயார் சொல்லிக் கேள்வியாம், தான் கண்ணால் கண்டதில்லையாம். பிறகு வெளிச்சத்தில் பிடித்தார்கள். “அந்த நீலத்தப் பாருங்க,” என்றாள் மெற்றில்டா. “பிரிஜித்தம்மாளோட போர்வை நீலமாம். தொட்ட எடத்துல ஒட்டிக்கிட்டாம்.”

ஒரு சொட்டு, அம்மா. ஒரே ஒரு சொட்டு கூடிவிட்டது.

அப்புறம் முகத்தில் வைத்து முகர்ந்தார்கள். பரலோக வாசனை என்றார்கள். சோற்றுக்கஞ்சியும் எலுமிச்சையும்.

ராத்திரி மேசைமேலேயே விட்டுவிட்ட இஸ்திரிப் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். மகள் பக்கத்திலேயே நிற்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் எடுத்துச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஏழு வருஷப் பனி அந்தத் துணியில் இருந்தது. நான் அதைச் சாக்கடையில் விட்டுவிட்டேன். எங்கள் வேளாங்கண்ணி மாதாவுக்குச் சாத்திய சேலையில் ஒரு துண்டு ஞானப்பூ வைத்திருந்தாள். அதை எவனாவது அழுக்கு என்று சோப்புப் போட்டிருந்தால் அவன் கையை உடைத்திருப்பேன்.

உள்ளே போன மெற்றில்டா, “அப்பா, எலுமிச்சம்பழத்த எங்க காணோம்?” என்றாள்.

“ஜூஸ் குடிச்சேன்.”

“இந்தக் குளிருலயா?”

“ஆசையா இருந்துச்சு.”

அதோடு விட்டுவிட்டாள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். தெருவே வந்து பார்த்தது. தபால்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். பங்குச் சாமியார் வந்து சிரித்தபடி இப்படியும் சொல்லாமல் அப்படியும் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார். வழக்கப்படி அதைக் கிழித்து வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். துணி கிழிகிற சத்தம் எனக்குப் பல்லைக் கூசும். என் கண்ணெதிரே டீலியா அம்மா எட்டாகக் கிழித்தார்கள். தங்கைக்கு ஒன்று, மதினிக்கு ஒன்று, இப்படிக் கொடுத்துக்கொண்டே வந்து, பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, ஒன்றை என் சட்டைப் பையில் செருகினார்கள். என் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்கள்.

எனக்குத் தலைவலி உண்டு என்று அவர்களிடம் நான் சொன்னதே இல்லை. ஞானப்பூ போனதிலிருந்து சாயங்காலமானால் வரும். சொல்லாதது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர்களுக்கும் தலைவலி உண்டு. ஆனால் அது ரத்தக் கொதிப்பில் வருவது. சமையலறை ஜன்னலில் மாத்திரைப் பெட்டி இருக்கும், திங்கள் செவ்வாய் என்று ஒவ்வொரு நாளுக்கும் மூடி போட்டது. தினமும் தேநீரோடு அந்தந்த நாள் மூடியைத் திறந்து போட்டுக்கொள்வார்கள். துணி வந்தபிறகு தலைவலி வந்தால் அதைக் கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் தலையாட்டுவேன். தலையாட்டியே பழக்கமாகிவிட்டது.

மார்ச் மாதம் ஒருநாள் பார்க்கிறேன், மாத்திரைப் பெட்டியின் மூடியெல்லாம் திறந்திருக்கிறது. உள்ளே பட்டாணி விதை. திங்களில் ஒரு வகை, செவ்வாயில் ஒரு வகை. தோட்டத்தில் ஊன்றுவதற்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

 பெட்டியை எடுத்துக் காட்டி “டேப்லெட்?” என்றேன். தலையில் கட்டியிருந்த துணியைத் தட்டிக் காட்டி “பிரிஜிட்” என்றார்கள்.

“நோ பிரிஜிட்,” என்றேன்.

டீலியா அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். “ப்ராட்டஸ்டன்ட்?” என்றார்கள். அவர்கள்தான் புனிதர்களைக் கும்பிட மாட்டார்களே. நான் பதறிப்போய் “நோ, நோ, கத்தோலிக்” என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு ரொட்டி வெட்டி வைத்தார்கள். நான் சாப்பிட்டேன். என்ன செய்ய?

மகளிடம் சொல்லியிருக்கலாம், ஆமாம். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். மகளிடம் சொன்னால் துணி வந்த கதையையும் சொல்ல வேண்டும். வார்டில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவள் அந்த அதிசயத்தைச் சொல்லியிருக்கிறாள். ‘எங்க அப்பாதான் திருட்டுத்தனமா துவைச்சு வச்சாரு’ என்று அவள் எப்படித் திருப்பிச் சொல்வாள்?

இன்னொன்றும் உண்டு. உங்களிடம் சொல்வதற்கென்ன. ஞானப்பூவுக்கும் ரத்தக் கொதிப்புதான். அவளுக்கு மாத்திரையை நானே எண்ணி உள்ளங்கையில் வைப்பேன். ஒருவேளைகூடத் தவறியதில்லை. அப்படி இருந்தும் போய்விட்டாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் போய், மாத்திரையை நம்புங்கள், துணியை நம்பாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? இப்படி நாளைத் தள்ளினேன். பட்டாணி முளைத்து நாலு இலை விட்டுவிட்டது.

சென்ற வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சமையலறைத் தரையில் கிடந்தார்கள். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. துணி தலையில் கட்டியபடி. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் எண் எனக்குத் தெரியும், மகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். எங்கள் வீட்டு முகவரி மட்டும் ஆங்கிலத்தில் வரும், அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வந்துவிட்டார்கள்.

பிழைத்துவிட்டார்கள். லேசான பக்கவாதம்தான், வாய் நேராகிவிட்டது என்று மெற்றில்டா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கேட்டு நான் அழுதுவிட்டேன். எனக்கு ரொம்ப இளகிய மனசு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்புறம் சொல்கிறாள்: “ஆன்ட்டி பிடிவாதம் ஜாஸ்திப்பா. அந்தத் துணி தலையில இருந்ததாலதான் லேசாப் போச்சுன்னு சொல்லுதாங்க. ஆஸ்பத்திரியில குடுக்கதனால மாத்திர போடுதேன், வீட்டுக்குப் போனா வேண்டாம்ங்காங்க. நாளைக்கு வீட்டுக்கு விடுதாங்க.”

நாளைக்கு. அதனால்தான் இன்றைக்கு இந்த பஸ். விளங்கியதா அம்மா? இன்று நான் சொல்லாவிட்டால், நாளை அந்தப் பெட்டியில் மறுபடி விதைதான். அடுத்த தடவை பதினொரு மணிக்கு முன்னால் விழுந்தால் யார் இருக்கிறார்கள்? சொன்னால் அந்த வீட்டுக்குள் என்னைத் திரும்ப விடுவார்களா, தெரியாது. விடாவிட்டால் பரவாயில்லை. தேநீர் எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். மெதுவாக. ‘இட் வாஸ் நாட்...’ சரி. ‘இட் வாஸ் மீ. ஐ வாஷ்ட் இட்.’ இதில் ‘வாஷ்’ எனக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் மேற்பார்வை அம்மாள் ஒருவர் இருந்தார், ‘வாஷ்’, ‘அயர்ன்’, ‘குட்’, இந்த மூன்று வார்த்தைதான் சொல்வார். மூன்றாவதை அபூர்வமாகச் சொல்வார். ‘ப்ளீஸ் டேக் த டேப்லெட்ஸ்.’ சரி. இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்களும் கூட வருகிறீர்களா? வேண்டாம். உங்கள் முன்னால் அவர்கள் அழுதால் அவர்களுக்கு ஒருமாதிரி இருக்கும். எனக்கும்தான்.

வாய் அடைத்துப்போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். அதற்குத்தான் இந்த நீல பாட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருக்கும். அதில் ஒரு சொட்டு விடுவேன். கலக்கி, தலையில் கட்டியிருக்கும் துணிக்குப் பக்கத்தில் பிடிப்பேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். டீலியா அம்மா புத்திசாலி. இவ்வளவு நாளும் நான் சொல்லாததையெல்லாம் புரிந்துகொண்டவர்களுக்கு இது புரியாதா?

அது என்ன, வெளியே பெரிய கட்டடம்? ஆஸ்பத்திரிதானே. பொத்தானை அழுத்திவிட்டீர்களா, நல்லது.

இருங்கள், ஒன்று. நெற்றியை அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள், நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன். இதைப் பிடியுங்கள். என் பையில் செருகினார்களே, அந்தத் துண்டுதான். எனக்கு இனி வேண்டாம், சாயங்காலத் தலைவலி பிப்ரவரியோடு நின்றுவிட்டது. குளிர் குறைந்ததனால்தான், வேறொன்றும் இல்லை. ஓரம் பிரிகிறது என்று நான்தான் மடித்துத் தைத்து வைத்தேன். இரவில் நெற்றியில் கட்டிக்கொண்டு படுங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் போடுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

வருகிறேன் அம்மா. அந்தத் துணி, அழுக்காகத்தான் ஆகும். ஆனால் ஆகட்டும். தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.